ரீகன் பொருளாதாரம்: குடியரசுக் கட்சி எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மறந்துவிட்டது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் ஒரு பெயர் தவறாமல் வரும்: ரொனால்டு ரீகன். குடியரசுக் கட்சியின் வேட்பாளர்கள் வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் பெயரைத் தொடாமல் முடிப்பது அரிது. அவருடைய ஆட்சியில் பொருளாதாரத்தில் என்ன நடந்தது, கட்சி அதை எப்படிச் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

ரீகன் ஆட்சிக்கு வந்தபோது நிலைமை எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்மேல் அந்த மக்களுக்கு இருந்த அன்பு நமக்குப் புரியாது. 1980இல் அமெரிக்காவின் பணவீக்கம் 13.5 சதவீதம். ஈரான் புரட்சிக்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியிருந்தது. சம்பளம் உயர்ந்தாலும் கையில் நிற்கவில்லை. உயர்ந்த சம்பளம் இன்னும் கூடுதல் விகிதமுள்ள வரிப்படிக்குள் போய் விழுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று தொலைக்காட்சி விவாதத்தில் ரீகன் மக்களைப் பார்த்து, நான்கு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அப்போது அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் தேர்தலில் தோற்றார். 1981 ஜனவரி முதல் 1989 ஜனவரி வரை ரீகன் அதிபராக இருந்தார்.

பதவியேற்பு உரையில் அவர் சொன்ன வரி இன்றும் மேடைதோறும் ஒலிக்கிறது: அரசு நம் பிரச்சினைக்குத் தீர்வு அல்ல, அரசே பிரச்சினை. அதற்கு முன்னால் “இப்போதைய இந்த நெருக்கடியில்” என்று ஒரு தொடர் உண்டு. மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் அது விடுபட்டுப் போகிறது. ஒரு காலத்துக்குச் சொன்ன பேச்சு எல்லாக் காலத்துக்குமான வேதமாக மாறியது அப்படித்தான்.

கட்சி சொல்லும் கதை என்ன?

வரியைக் குறைத்தார். அதனால் பொருளாதாரம் எழுந்து ஓடியது. ஓடிய வேகத்தில் அரசின் வருவாயும் கூடியது. அரசைச் சுருக்கினார், சந்தையைத் திறந்துவிட்டார். ஆகவே எந்தக் காலத்திலும் எந்தச் சிக்கலுக்கும் வரிக்குறைப்பே மருந்து.

இதில் உண்மையே இல்லையா?

நிறைய இருக்கிறது. 1983இல் பணவீக்கம் 3.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 1984இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அவர் வந்தபோது 7.5 சதவீதமாக இருந்த வேலையின்மை, போகும்போது 5.4. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1.6 கோடி வேலைகள் கூடின. 1984 தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். இதையெல்லாம் மறுப்பவர்கள் எண்களைப் பார்க்காதவர்கள்.

ஆனால் எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரீகன் தன் விடைபெறும் உரையில் 1.9 கோடி வேலைகள் என்றார். மந்தம் முடிந்து மீட்சி தொடங்கிய இடத்திலிருந்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். இடையில் வேலையிழந்தவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம் வரை போயிருந்தது. 1983 ஜனவரியில் கேலப் கருத்துக்கணிப்பில் ரீகனுக்கு ஆதரவு 35 சதவீதம்தான். கட்சியின் நினைவில் அந்தக் குளிர்காலம் இல்லவே இல்லை.

பணவீக்கத்தை அடக்கியது ரீகனா, பால் வோல்கரா?

முக்கியமாக வோல்கர். பெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கிக்கு 1979இல் அவரைத் தலைவராக நியமித்தவர் கார்ட்டர். வோல்கர் பணப்புழக்கத்தை இறுக்கினார். வங்கிகளுக்கு இடையேயான வட்டி 1981இல் 19 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வீட்டுக்கடன் வட்டியே 18 சதவீதத்துக்கு மேல். வீடு கட்டுவோர் விற்காமல் கிடந்த மரத்துண்டுகளைத் தபாலில் அவருக்கு அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு வாஷிங்டனுக்கு வந்தார்கள். கடன் வாங்க முடியாமல் தொழில்கள் நின்றன, வேலைகள் போயின, விலை ஏற்றமும் நின்றது. இதற்கு ரொம்பப் பெரிய விலை கொடுத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள்.

ரீகனுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன். தன் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்தபோதும் வோல்கரின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. 1983இல் அவரையே மீண்டும் நியமித்தார். வேறொரு அதிபராக இருந்தால் பொறுத்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் பாருங்கள், கட்சி இந்தப் பொறுமையைக் கொண்டாடுவதில்லை. வலியைத் தாங்கி நின்ற ரீகனைவிட, வரியைக் குறைத்தவுடன் விடிந்தது என்று சொல்வது மேடைக்கு வசதியாக இருக்கிறது.

1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது அதிர்ஷ்டம்.

ரீகன் வரியைக் குறைத்தார், ஏற்றவே இல்லை என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

1981 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட சட்டம் வருமான வரி விகிதங்களை மூன்று ஆண்டுகளில் சுமார் 23 சதவீதம் குறைத்தது. உச்ச விகிதம் 70இலிருந்து 50க்கு வந்தது. விலைவாசிக்கு ஏற்ப வரிப்படிகள் தானாக உயரும் ஏற்பாடும் அதில் இருந்தது. சம்பளக்காரருக்கு அது நிஜமான நிவாரணம். கட்சி நினைவில் வைத்திருப்பது இந்தச் சட்டத்தை.

அடுத்த வருடமே அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை கட்டுக்கு மீறிப் போனது. 1982 செப்டம்பரில் ரீகன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறுவனங்களுக்கு முந்தைய ஆண்டு கொடுத்த சலுகைகளில் ஒரு பகுதியை அது திரும்ப எடுத்துக்கொண்டது. சிகரெட் மீதான வரியை இரட்டிப்பாக்கியது. போர் இல்லாத காலத்தில் அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய வரி உயர்வுகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அதை முன்னின்று நடத்தியவர் குடியரசுக் கட்சியின் செனட்டர் பாப் டோல். அப்புறம் 1983 தொடக்கத்தில் பெட்ரோல் வரி கேலனுக்கு 4 சென்டிலிருந்து 9 சென்டாக ஏறியது. அதே ஆண்டு ஏப்ரலில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத் திட்டத்தைக் காப்பாற்ற, சம்பளத்திலிருந்து பிடிக்கும் வரியின் உயர்வு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டது. வசதியான முதியோரின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதிக்கு முதன்முறையாக வரி வந்தது. முழு ஓய்வூதிய வயது 65இலிருந்து படிப்படியாக 67 ஆகும் என்று முடிவானது. 1984இல் இன்னொரு வரிச் சட்டம்.

1986 வரிச் சீர்திருத்தத்தையும் பலர் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். உச்ச விகிதம் 28 சதவீதமானது, உண்மை. ஆனால் அதற்கு ஈடாகப் பல வரிச் சலுகைகள் அடைக்கப்பட்டன. சொத்தையும் பங்குகளையும் விற்று வரும் லாபத்தின் மீதான உச்ச வரி 20இலிருந்து 28க்கு ஏறியது. கூலிக்கும் பங்கு லாபத்துக்கும் ஒரே உச்ச விகிதம்! இன்று அதே கட்சியில் ஒருவர் இதை முன்மொழிந்தால் என்ன பெயர் வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். மொத்த வருவாய் கூடாமலும் குறையாமலும் இருக்கும்படி அந்தச் சட்டம் எழுதப்பட்டது. அதன் செனட் வடிவம் 97க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது. இரண்டு கட்சிகளும் உட்கார்ந்து எழுதிய சட்டம் அது.

இது அவருக்குப் புதிய பழக்கமும் இல்லை. கலிஃபோர்னியா ஆளுநராக முதல் ஆண்டிலேயே, 1967இல், மாநிலத்தின் கஜானா காலியாக இருப்பதைப் பார்த்து, அதுவரை எந்த மாநிலமும் செய்யாத அளவுக்கு வரியை உயர்த்தியவர் அவர். மேடையில் கொள்கை பேசினார். மேசையில் கணக்குப் பார்த்தார். கட்சி மேடையை மட்டும் எடுத்துக்கொண்டது.

1982 வரி உயர்வில் ரீகன் ஏமாற்றப்பட்டார் என்று சொல்கிறார்களே?

ஒவ்வொரு டாலர் வரி உயர்வுக்கும் மூன்று டாலர் செலவுக் குறைப்பு தருவதாக நாடாளுமன்றம் வாக்குக் கொடுத்து மீறிவிட்டது என்பது அந்த வாதம். ரீகனே அப்படித்தான் நம்பினார், வருத்தப்பட்டார். அவருடைய வரவுசெலவுத் துறைத் தலைவராக இருந்த டேவிட் ஸ்டாக்மன் இதை ஏற்கவில்லை. அந்தக் குறைப்பில் ஒரு பங்கு நிர்வாகமே செய்ய வேண்டியது, பாதுகாப்புச் செலவையும் சேர்த்து. அதை நிர்வாகம் செய்யவில்லை என்பது அவர் பக்கம். யார் சொல்வது சரி என்பதைவிட, கட்சி இதிலிருந்து எடுத்த பாடம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது: இனி எதிர்த்தரப்போடு பேசவே கூடாது.

வரியைக் குறைத்தால் அரசின் வருவாய் கூடும் என்பது நிரூபணம் ஆயிற்றா?

இல்லை. இந்த எண்ணத்தின் பின்னணியில் இருப்பது பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் 1974இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் கைத்துடைப்பில் வரைந்ததாகச் சொல்லப்படும் வளைகோடு. மேசையில் இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் துணை அதிபரான டிக் செனி. வரி 100 சதவீதமானால் யாரும் வேலை செய்ய மாட்டார்கள், ஆகவே ஏதோ ஒரு புள்ளிக்கு மேல் வரியைக் குறைத்தால் வருவாய் கூடும். தர்க்கம் சரிதான். அந்தப் புள்ளி எங்கே என்பதில்தான் சண்டை.

டாலர் எண்ணிக்கையில் வருவாய் கூடியது உண்மை. விலைவாசியும் மக்கள்தொகையும் ஏறும் நாட்டில் அது எப்போதும் கூடும். பொருளாதாரத்தின் பங்காகப் பார்த்தால் 1981இல் சுமார் 19 சதவீதமாக இருந்தது 1984இல் 17 அளவுக்கு இறங்கியது. பிறகு ஏறி 18ஐ நெருங்கியது. ஏறியதற்கு மேலே சொன்ன வரி உயர்வுகளும் ஒரு காரணம். 1980 உட்கட்சித் தேர்தலில் இந்தக் கொள்கையை ‘பில்லி சூனியப் பொருளாதாரம்’ என்ற பொருளில் சாடியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. பிறகு ரீகனுக்கே துணை அதிபரான ஜார்ஜ் புஷ்.

அரசையாவது சுருக்கினாரா? கடன் என்ன ஆயிற்று?

ரீகன் வந்த ஆண்டில் அமெரிக்க அரசின் மொத்தக் கடன் சுமார் 1 லட்சம் கோடி டாலர். அவர் போன ஆண்டில் சுமார் 2.86 லட்சம் கோடி டாலர். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வரி குறைந்தது, ராணுவச் செலவு ஏறியது, முதியோர் ஓய்வூதியத்திலும் மருத்துவத்திலும் பெரிதாகக் கைவைக்க முடியவில்லை. மிச்சத்தைக் கடன்தான் நிரப்பியது.

ஏழைகளுக்கான சில திட்டங்கள் வெட்டப்பட்டன. ஆனால் மத்திய அரசின் செலவு, பொருளாதாரத்தின் பங்காக, ஒரு சதவீதம் அளவுக்கே குறைந்தது. மூடுவேன் என்ற கல்வித் துறையை மூடவில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு அமைச்சரவை அளவில் ஒரு புதிய துறை உருவாக 1988இல் கையெழுத்திட்டார். கட்டுப்பாடு நீக்கம் என்று அவர் கணக்கில் எழுதப்படுவதில் விமானம், லாரி, ரயில் மூன்றுக்குமான பெரிய சட்டங்கள் 1978லும் 1980லும் கார்ட்டர் கையெழுத்திட்டவை. ரீகன் காலத்தில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட, வீட்டுக்கடன் கொடுக்கும் சேமிப்புக் கடன் சங்கங்கள் பிறகு நூற்றுக்கணக்கில் விழுந்தன. அதற்கு வரி செலுத்துவோர் கொடுத்தது சுமார் 12,400 கோடி டாலர்.

அந்த வளர்ச்சியில் சாதாரணத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

விலைவாசி அடங்கியது அவருக்கும் நன்மைதான். ஆனால் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1981 முதல் 1990 வரை மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதைப் பார்த்துத் தனியார் முதலாளிகளும் துணிந்தார்கள். உச்ச வருமான வரி குறைந்த அதே காலத்தில், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் சம்பள வரி 12.26 சதவீதத்திலிருந்து 15.02க்கு ஏறியது; இதில் ஒரு பகுதி முந்தைய ஆட்சியின் சட்டப்படி வரவிருந்ததுதான். மேல்தட்டுக்கும் மற்றவர்களுக்கும் இடையே விரிசல் அகன்ற காலம் அது. கட்சி வைத்திருக்கும் ரீகன் பிம்பத்தில் இந்த மனிதர்களுக்கு இடமே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தப் பிம்பம் தானாக உருவானதா?

பாதி தானாக, பாதி திட்டமிட்டு. ரீகனுக்குப் பிறகு வந்த புஷ், புதிய வரி கிடையாது என்று 1988இல் சத்தியம் செய்துவிட்டு 1990இல் வரியை ஏற்றினார், 1992இல் தோற்றார். ரீகன் செய்ததையே செய்ததற்காக, ரீகனுக்குத் துரோகம் செய்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது.

1997இல் வரி எதிர்ப்புப் பிரசாரகர் குரோவர் நார்க்விஸ்ட் ‘ரொனால்டு ரீகன் மரபுத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். நாட்டின் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் போன்றது) ஏதாவது ஒன்றுக்கு ரீகன் பெயர் வைக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முன்பே, 1986இல், எந்த வரி உயர்வுக்கும் வாக்களிக்க மாட்டேன் என்று வேட்பாளர்களிடம் எழுதி வாங்கும் உறுதிமொழியை ஆரம்பித்தவரும் அவரே. 1998இல் வாஷிங்டன் விமான நிலையத்துக்கு ரீகன் பெயர் வந்தது. 10 சென்ட் நாணயத்தில் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டை எடுத்துவிட்டு ரீகனைப் போடலாம் என்று 2003இல் ஒரு யோசனை வந்தபோது, வேண்டாம் என்றவர் ரீகனின் மனைவி நான்சி ரீகன்.

கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் ரீகன் நூலகம் இருக்கிறது. அவர் பறந்த விமானத்தையே அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2011, 2015, 2023 ஆண்டுகளில் கட்சியின் வேட்பாளர் விவாதங்கள் அங்கே நடந்தன. அப்படிப்பட்ட இடத்தில் நின்று யாரால் 1982 வரி உயர்வைப் பற்றிப் பேச முடியும்?

சரி, ஒரு தலைவரைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?

கொள்கை கெடுகிறது. 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் விவாதம். பத்து டாலர் செலவுக் குறைப்புக்கு ஒரு டாலர் வரி உயர்வு என்று ஒப்பந்தம் வந்தால் எழுந்து போவீர்களா என்று கேட்டார்கள். மேடையிலிருந்த எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். ரீகன் மூன்றுக்கு ஒன்று என்று நம்பிக் கையெழுத்திட்டவர். அவர் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்களுக்குப் பத்துக்கு ஒன்றும் பாவமாகிவிட்டது.

கான்சாஸ் மாநிலம் இன்னும் கண்கூடான உதாரணம். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக், லாஃபரின் ஆலோசனையோடு, பெரும் வரிக்குறைப்பு செய்தார். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, வருவாய் சரிந்தது, பள்ளிகளின் நிதி நெருக்கடி நீதிமன்றம் வரை போனது. 2017இல் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவர் மறுப்பாணையையும் மீறி அந்தக் குறைப்பின் பெரும்பகுதியை ரத்து செய்தது. உச்ச விகிதம் 70 சதவீதமாக இருக்கும்போது குறைப்பதும், மாநில வரி 6.45 சதவீதமாக இருக்கும்போது குறைப்பதும் ஒன்றா? பிம்பம் இந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

டிரம்ப் காலத்திலும் ரீகன் பெயர் செல்லுபடியாகிறதா?

வரி விஷயத்தில் ஆம். 2017 வரிக்குறைப்பு ரீகன் மரபு என்றே விற்கப்பட்டது. 2019இல் லாஃபருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதும் கொடுக்கப்பட்டது. 1986 சட்டம் வருவாயைக் காத்தது, 2017 சட்டம் கடனில் ஓடியது என்ற வித்தியாசத்தைப் பெரிதாக யாரும் பேசவில்லை.

இறக்குமதி வரியில்தான் சண்டை. 2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு, 1987 ஏப்ரல் 25 அன்று ரீகன் வானொலியில் இறக்குமதி வரிகளை எதிர்த்துப் பேசியதை எடுத்து விளம்பரமாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. டிரம்ப் கோபப்பட்டு, கனடாவோடு வர்த்தகப் பேச்சை முறிப்பதாக அறிவித்தார். உண்மையில் அந்த உரையே, ஜப்பானியப் பொருள்கள் சிலவற்றின்மேல் தான் வரி போட்டதை விளக்க ரீகன் ஆற்றியது. வருத்தத்தோடு போடுகிறேன், இது வழக்கமாகக் கூடாது என்பது அதன் சாரம். 1983இல் பெரிய மோட்டார் சைக்கிள்கள் மீது 45 சதவீத வரி போட்டு ஹார்லி டேவிட்சனைக் காத்தவரும், 1988இல் கனடாவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். இரண்டு பக்கமும் அவரை அரைகுறையாகவே மேற்கோள் காட்டினார்கள்.

ஜனநாயகக் கட்சி மட்டும் அவரைச் சரியாகச் சொல்கிறதா?

இல்லை. அவர்கள் பலருக்கு 1980களின் ஏற்றத்தாழ்வு முழுக்க ரீகனின் சதி. உலகமெங்கும் ஆலைகள் இடம்பெயர்ந்ததும் தொழில்நுட்பம் மாறியதும் கண்ணில் படுவதில்லை. வேண்டும்போது அவர்களும் ரீகனைக் கடன் வாங்குவார்கள். கோடீஸ்வரர் பேருந்து ஓட்டுநரைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டுவது நியாயமா என்று 1985இல் ரீகன் பேசியதை எடுத்து 2012இல் ஒபாமா தன் வரித் திட்டத்துக்குப் பயன்படுத்தினார். அந்த மேற்கோளாவது நியாயமானது; 1986 சீர்திருத்தத்தின் உயிரே அதுதான்.

ரீகன் தன் பொருளாதாரச் சாதனையைப் பற்றி என்ன நினைத்தார்?

1989 ஜனவரி 11 இரவு, ஓவல் அலுவலகத்திலிருந்து விடைபெறும் உரை. தனக்குப் பெருமை தரும் இரண்டில் ஒன்றாகப் பொருளாதார மீட்சியைச் சொன்னார். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார்: ஏதாவது வருத்தம் உண்டா என்று என்னிடம் கேட்டார்கள், உண்டு, பற்றாக்குறை அதில் ஒன்று.